சைடு வீலைக் கழற்றியதும் அழுகிறாளா? பெடலையும் சேர்த்துக் கழற்றுங்கள்

ஐந்து வயது மகள், ஒரு வருடமாக சைடு வீல் போட்ட 16 இன்ச் சைக்கிளை ஜோராக ஓட்டுகிறாள், ஆனால் சைடு வீலைக் கழற்றிய அன்றைக்கே ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுந்துவிட்டாள், அதிலிருந்து சைக்கிள் பக்கமே வருவதில்லை, திரும்ப மாட்டிவிடட்டுமா அல்லது சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் வேண்டாம். சைடு வீலைத் திரும்ப மாட்டாதீர்கள், கூடவே பெடல் இரண்டையும் கழற்றிவிடுங்கள். என் பிள்ளைகள் இருவர், அக்கம்பக்கத்துப் பிள்ளைகள், தம்பி மகள் என்று இதுவரை ஒரு பத்துப் பன்னிரண்டு பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். முதல் பிள்ளைக்கு எல்லாவற்றையும் தப்பாகச் செய்தவன் என்பதால் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்கிறேன்.

ஒரு வருடம் ஓட்டியும் வரவில்லையே என்று நினைக்காதீர்கள். அவளுக்கு நன்றாகவே வருகிறது, ஆனால் வருவது வேறு வண்டி. சைடு வீல் மாட்டிய சைக்கிள் சாயாது. சாயாத வண்டியைத் திருப்புவதும் சாயும் வண்டியைத் திருப்புவதும் ஒன்றல்ல. இரண்டு சக்கர சைக்கிள் இடது பக்கம் வளையும்போது வண்டியும் ஆளும் இடது பக்கமே சாய்வார்கள். சைடு வீல் அதற்கு இடம் கொடுக்காது, அதனால் வளைவில் உடம்பு வெளிப்பக்கம் தள்ளப்படும், பிள்ளை அந்த வெளிப்பக்கக் குட்டிச் சக்கரத்தின் மேல் பாரத்தைப் போட்டுத் தாங்கிக்கொள்ளும். இது சைக்கிளுக்கு நேர் எதிரான பழக்கம். சந்தேகம் இருந்தால் கழற்றிய சைடு வீல்கள் இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள், அநேகமாக ஒன்று மற்றதைவிட அதிகமாகத் தேய்ந்திருக்கும். இந்த ஒரு வருடமும் அவள் அந்தப் பக்கம் சாய்ந்து உட்கார்ந்தேதான் ஓட்டியிருப்பாள். கழற்றிய அன்று விழுந்ததும் அதே பக்கமாக இருந்தால் ஆச்சரியப்படமாட்டேன்.

சைக்கிள் எப்படி விழாமல் போகிறது என்பதைக் கொஞ்சம் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். ஒரு நீளமான குச்சியை உள்ளங்கையில் நிறுத்திப் பாருங்கள். குச்சி இடது பக்கம் சாய்ந்தால் கையை இடது பக்கம் கொண்டுபோவீர்கள், அடிப்பகுதி மேற்பகுதிக்குக் கீழே வந்துவிடும், குச்சி நிற்கும். சைக்கிளிலும் அதே கதைதான். இடது பக்கம் விழப் போகிறோம் என்றால் ஹேண்டில்பாரை இடது பக்கம் லேசாகத் திருப்பவேண்டும், சக்கரங்கள் நமக்குக் கீழே வந்து சேரும். சுற்றுகிற சக்கரம் பம்பரம் மாதிரி நிமிர்த்திப் பிடிப்பதால்தான் சைக்கிள் விழுவதில்லை என்று பலர் சொல்வார்கள். 2011இல் ஓர் ஆராய்ச்சிக் குழு அந்தப் பம்பர விளைவை ரத்து செய்யும்படி எதிர்ப்பக்கம் சுற்றும் சக்கரங்கள் வைத்து ஒரு சோதனை சைக்கிள் செய்து, ஆள் இல்லாமலே உருட்டிவிட்டுக் காட்டியது, அது பாட்டுக்கு நிமிர்ந்து போனது. விழும் பக்கம் திரும்பவேண்டும் என்பதுதான் அடிப்படை. ஆனால் நம் உடம்புக்கு இது இயல்பாக வராது, விழும்போது எதிர்ப்பக்கம் இழுக்கத்தான் கை போகும். இதை வாயால் சொல்லி ஐந்து வயதுப் பிள்ளைக்குப் புரியவைக்க முடியாது. நூறு முறை லேசாகச் சாய்ந்து, நூறு முறை கால் ஊன்றி, உடம்பே கற்றுக்கொள்ளவேண்டும். அதற்குக் கால் தரையில் எட்டவேண்டும், வழியில் பெடல் இருக்கக் கூடாது.

இது புதுசாக யாரோ கண்டுபிடித்த முறையும் அல்ல. 1817இல் ஜெர்மனியில் கார்ல் டிரைஸ் ஓட்டிக் காட்டிய முதல் இருசக்கர வண்டிக்குப் பெடலே கிடையாது, மரச் சட்டத்தில் உட்கார்ந்து காலால் உந்தி உந்தி ஓடவேண்டும். பெடல் வந்து பரவியது 1860களில்தான். ஆக மனிதர்கள் நாற்பது வருடத்துக்கு மேல் வெறும் பேலன்ஸை வைத்தே ஓட்டியிருக்கிறார்கள். பெரியவர்கள் சைக்கிளில் ஒரு காலைப் பெடலில் வைத்து மறுகாலால் தட்டித் தட்டிப் போய், அப்புறம் குரங்குப் பெடல் போட்டுப் பழகியவர்களுக்கு இது தெரியும், முதலில் வந்தது பேலன்ஸ், பிறகுதான் மிதி.

சரி, பெடலைக் கழற்றுவது. பெரும்பாலும் 15 மில்லிமீட்டர் ஸ்பேனர் போதும், சிலவற்றில் உட்பக்கத்திலிருந்து அலன் கீ, அதாவது அறுகோணச் சாவி, போடவேண்டியிருக்கும். கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்றே ஒன்று: வலது பெடல் வழக்கமான மரை, கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் திருப்பினால் கழலும். இடது பெடல் தலைகீழ் மரை, கடிகாரத் திசையில் திருப்பினால்தான் கழலும். மறந்துபோனால், ஸ்பேனரை மேல்நோக்கி நிற்கும்படி மாட்டிக்கொண்டு பின்சக்கரத்தின் பக்கம் தள்ளுங்கள், இரண்டு பக்கமும் கழலும், முன்சக்கரத்தின் பக்கம் தள்ளினால் இரண்டு பக்கமும் இறுகும். இது எனக்குத் தெரியாத காலத்தில் இடது பெடலைத் தப்பான பக்கம் திருப்பி, வரவில்லை என்று காலால் மிதித்து, ஸ்பேனர் வழுக்கி, விரல் முட்டி தோல் உரிந்து ரத்தம். என் மகள் சைக்கிள் பழகியதில் முதல் காயம் எனக்குத்தான். கழற்றிய பெடல்களை ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். அச்சின் முனையில் எல், ஆர் என்று பொறித்திருக்கும், திரும்ப மாட்டும்போது அதைப் பார்த்து மாட்டுங்கள், முதல் சில சுற்றுகளைக் கையாலேயே சுற்றுங்கள். மாற்றி மாட்டி ஸ்பேனரால் பலவந்தமாக முறுக்கினால் மரை போய்விடும், அப்புறம் பெடல் மாட்டுகிற கிராங்க் தண்டையே மாற்றவேண்டியதுதான்.

அடுத்தது சீட். அவள் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் பதிந்து, முழங்கால் லேசாக மடங்கியும் இருக்கவேண்டும். நுனிக்கால் எட்டினால் போதும் என்பது பின்னால் வரும் கட்டத்துக்கு. சீட்டை அடிவரை இறக்கியும் பாதம் முழுதாகப் படியவில்லை என்றால் சைக்கிள் அவளுக்குப் பெரிது, வளர்ந்துவிடுவாள் என்று ஒரு சைஸ் கூட்டி வாங்கியிருப்பீர்கள், எல்லோரும் செய்வதுதான். கொஞ்ச நாளைக்கு யாரிடமாவது ஒரு 14 இன்ச் சைக்கிள் கேட்டு வாங்குங்கள். வயதைப் பார்க்காதீர்கள், கால் நீளத்தைப் பாருங்கள். செருப்பு ஷூ இல்லாமல் சுவரோடு நிற்கவைத்து, ஒரு புத்தகத்தைத் தொடைக்கு இடையில் மேலே வரை ஏற்றிப் பிடித்துத் தரையிலிருந்து அளந்தால் தெரிந்துவிடும், சீட்டின் உயரம் அந்த அளவைவிட இரண்டு மூன்று சென்டிமீட்டர் குறைவாக இருக்கவேண்டும்.

எடையையும் ஒரு தடவை தூக்கிப் பாருங்கள். இரும்பு பிரேம் போட்ட சின்ன சைக்கிள் 9, 10 கிலோ இருப்பது சாதாரணம். பிள்ளை 18 கிலோ என்றால் தன் எடையில் பாதியோ அதற்கு மேலோ உள்ள வண்டியை அது நிமிர்த்திப் பிடிக்கிறது. 70 கிலோ ஆளுக்கு 35 கிலோ சைக்கிளைக் கொடுத்து ஓட்டு என்றால் நாமும்தான் அழுவோம். கூடை, கேரியர், மணி, பொம்மை, எது கழலுமோ அதையெல்லாம் கழற்றுங்கள். டயரில் காற்று சரியாக இருக்கட்டும், எவ்வளவு என்பது டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும், காற்று குறைந்த டயர் உருளாது. பிரேக் லீவர் விரலுக்கு எட்டுகிறதா என்று பாருங்கள், பல சைக்கிள்களில் லீவருக்குப் பக்கத்திலேயே ஒரு குட்டித் திருகு இருக்கும், அதைத் திருகினால் லீவர் ஹேண்டில்பாரை நோக்கிக் கிட்டே வரும். ஹெல்மெட் நெற்றியை மூடவேண்டும், புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளி, தாடைக்குக் கீழ் வாருக்குள் ஒரு விரல் நுழைந்தால் போதும். பின்னந்தலையில் தொப்பி மாதிரி ஏறி நிற்கும் ஹெல்மெட் இருந்தும் இல்லாததுதான்.

எங்கே பழக்குவது? விழுந்தால் அடிபடாது என்று புல்தரைக்குக் கூட்டிப்போகிறவர்கள் நிறைய. நானும் போனேன். புல்லில் சக்கரம் உருளவே உருளாது, பிள்ளை தன் முழு பலத்தையும் போட்டும் நடை வேகம்கூட வராது, மெதுவாகப் போகிற சைக்கிளைத்தான் நிமிர்த்திப் பிடிப்பது கஷ்டம். வழவழப்பான கெட்டித் தரை வேண்டும், வண்டி வராத இடம், ஆள் நடமாட்டம் குறைவான நேரம். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவுக்கு ஒரு சரிவு இருந்தால் அதுதான் சொர்க்கம், ஒரு பந்தை வைத்தால் மெல்ல உருளவேண்டும், அந்த அளவு போதும், அப்புறம் கீழே சமதரையாக முடியவேண்டும்.

இனி பழக்குவது. முதல் நாள் சீட்டில் உட்கார்ந்து வெறுமனே நடக்கட்டும். உட்கார்ந்தபடி நடப்பது முதலில் வராது, நின்றுகொண்டு சைக்கிளைத் தொடைக்கு நடுவில் வைத்து நடப்பாள், விட்டுவிடுங்கள், பத்து நிமிடத்தில் தானே உட்காருவாள். அவள் ஏற்கெனவே பயந்திருக்கிறாள் என்பதால் இதை இரண்டு மூன்று நாள்கூட நீட்டலாம். கால் எட்டுகிறது, எப்போது வேண்டுமானாலும் நிற்கலாம் என்பது அவளுக்கு நிச்சயமானால் பாதி பயம் அங்கேயே போய்விடும். நடை வேகமாகும், வேகம் ஓட்டமாகும், ஓட்டத்தில் இரண்டு காலும் ஒரு நொடி தரையை விட்டு எழும்பும். அந்த ஒரு நொடியைப் பார்த்ததும் கூத்தாடாதீர்கள், அவள் திரும்பி உங்களைப் பார்ப்பாள், விழுவாள். மெல்ல எண்ண ஆரம்பியுங்கள். கால் தூக்கியிருக்கும்போது ஒன்று, இரண்டு, மூன்று என்று சத்தமாக எண்ணுவது என் வழக்கம், பிள்ளைகளுக்கு எண் கூடுவதில் தனி வெறி வந்துவிடும், நாம் ஒன்றுமே சொல்லிக்கொடுக்க வேண்டாம். சாக்பீஸால் தரையில் வளைந்த கோடு போட்டு அதன் மேல் போகச் சொல்லுங்கள், அவள் அறியாமலேயே சாய்ந்து திரும்பப் பழகுவாள். ஒரு தடவைக்கு இருபது முப்பது நிமிடம் போதும். இன்னும் கொஞ்சம் என்று அவள் கெஞ்சும்போதே முடித்துவிடுங்கள். முந்தின நாள் வராதது மறுநாள் காலையில் வருவதைப் பல பிள்ளைகளிடம் பார்த்திருக்கிறேன்.

பிரேக்கை இந்தக் கட்டத்திலேயே சொல்லிக்கொடுங்கள், பெடல் மாட்டிய பிறகு என்று தள்ளிப்போடாதீர்கள். முதலில் சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்று தள்ளிக்கொண்டே நடக்கட்டும், நீங்கள் 'நில்' என்றதும் பின் பிரேக்கை அழுத்தட்டும். அப்புறம் உட்கார்ந்து உருளும்போது அதே விளையாட்டு. காலைத் தேய்த்து நிறுத்தியே பழகிய பிள்ளை, பெடல் வந்ததும் அவசரத்தில் காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் திணறும்.

பிடிப்பதைப் பற்றி. பிடிக்கவே வேண்டாம் என்பதுதான் என் கட்சி, பெடல் இல்லாத கட்டத்தில் அதற்குத் தேவையும் இல்லை. பிடித்தே தீரவேண்டும் என்று கை பரபரத்தால் ஹேண்டில்பாரைத் தொடாதீர்கள். அவள் விழும் பக்கம் திருப்ப முயல்வாள், நீங்கள் நேராகப் பிடித்திருப்பீர்கள், கற்றுக்கொள்ளவேண்டிய ஒரே விஷயத்தை உங்கள் கை தடுத்துக்கொண்டிருக்கும். சீட்டைப் பிடித்தாலும் கிட்டத்தட்ட அதே கதைதான், சைக்கிள் சாயாது, நீங்கள் ஒரு பெரிய சைடு வீல். பிள்ளையைப் பிடியுங்கள், சைக்கிளை அல்ல. தோளுக்குக் கீழே முதுகில் ஒரு கை லேசாக, அல்லது ஒரு துண்டை அவள் மார்பைச் சுற்றி அக்குளுக்குக் கீழே கொடுத்து இரு முனையையும் பின்னால் சேர்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள், துண்டு தளர்வாகவே இருக்கட்டும், விழும்போது மட்டும் இறுகட்டும்.

'பிடிச்சிருக்கேன், பிடிச்சிருக்கேன்' என்று சொல்லிக்கொண்டே கையை விடுகிற அந்தப் பழைய தந்திரம் இருக்கிறதே, அதை என் மூத்த மகளிடம் செய்தேன். அழகாக முப்பது அடி போனாள். என் குரல் தூரத்திலிருந்து வருவது காதில் பட்டு, திரும்பிப் பார்த்தாள், நேராகச் சுவர். பல் உதட்டில் குத்தியது. காயம் நாலு நாளில் ஆறிவிட்டது, ஆனால் அப்புறம் நான் பிடிக்கிறேன் என்று எதைச் சொன்னாலும், நீச்சல் உட்பட, என் கையைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். விடப் போகிறீர்கள் என்றால் விடப் போகிறேன் என்று சொல்லிவிட்டு விடுங்கள். 'இன்னும் வேண்டாம்' என்று சொன்னால் விடாதீர்கள்.

பெடலை எப்போது திரும்ப மாட்டுவது? காலைத் தூக்கி ஐந்தாறு எண்ணும் வரை உருளவேண்டும், அதிலேயே வளையவும் வேண்டும், பிரேக் பிடித்து நிற்கவும் வேண்டும். இந்த மூன்றும் வந்தால் மாட்டலாம். சிலருக்கு ஒரு மத்தியானம், சிலருக்கு ஒரு மாதம். உங்கள் மகளுக்கு மிதிப்பது ஏற்கெனவே தெரியும் என்பதால், மாட்டிய அன்றே ஓட்டிவிட்டாள் என்று நீங்கள் சொன்னால் நம்புவேன். அடியோடு மிதிக்கத் தெரியாத சின்னப் பிள்ளைகளுக்குத்தான் இங்கே கொஞ்சம் பொறுமை வேண்டும். இரண்டு காலையும் ஒரே நேரத்தில் அழுத்துவார்கள், பின்பக்கமாகச் சுற்றுவார்கள், பாதிச் சுற்றில் நிறுத்திவிடுவார்கள். அவர்களுக்கு மூன்று சக்கர சைக்கிளில் தனியாக மிதி பழக்கலாம், அல்லது பின்சக்கரம் தரையைத் தொடாத ஸ்டாண்டு இருந்தால் அதில் நிறுத்தி, நீங்கள் வண்டியை அசையாமல் பிடித்துக்கொண்டு சுற்றவிடலாம். முழங்காலில் உங்கள் உள்ளங்கையை வைத்து, 'இந்தக் கையைக் கீழே தள்ளு, இப்போ அந்தக் கையை' என்று மாற்றி மாற்றிச் சொன்னால் சட்டென்று பிடிபடும். 'மிதி, மிதி' என்று கத்துவதில் பயனில்லை, எந்தக் காலை என்று அதற்குத் தெரியாது.

கிளம்பும் விதம்தான் கடைசி முடிச்சு. ஒரு கால் தரையில். மறுகால் இருக்கும் பெடலை மேலே, கொஞ்சம் முன்பக்கம் தள்ளி நிறுத்துங்கள், வலது பக்கத்திலிருந்து பார்த்தால் கடிகாரத்தில் இரண்டு மணி முள் நிற்கும் இடம். அங்கிருந்து ஓர் அழுத்து அழுத்தினால் வண்டி கிளம்பப் போதுமான வேகம் கிடைத்துவிடும், அந்த வேகத்தில் தரையில் இருந்த கால் தன் பெடலைத் தேடிக்கொள்ளும். பெடல் கீழே கிடக்கும்போது அழுத்தினால் ஒன்றும் நடக்காது, வண்டி நின்ற இடத்தில் சாயும், பிள்ளைக்கு ஏனென்று புரியாது. பின்பக்கம் மிதித்தால் பிரேக் பிடிக்கிற வகை சைக்கிளாக இருந்தால் பெடலைப் பின்னால் சுற்றி மேலே கொண்டுவர முடியாது, பின்சக்கரத்தைத் தூக்கிப் பெடலை முன்பக்கமாகச் சுற்றி அந்த இடத்துக்குக் கொண்டுவரவேண்டும். இது ஐந்து வயதுக்குக் கொஞ்சம் சள்ளையான வேலை, ஆரம்பத்தில் நீங்களே செய்துகொடுங்கள்.

கண் பெடலுக்குப் போகும். எல்லாப் பிள்ளைக்கும் போகும். கீழே பார்த்தால் வண்டி தள்ளாடும். 'கீழே பார்க்காதே' என்று சொல்வதைவிட, எதிரே தூரத்தில் நின்று, 'நான் எத்தனை விரல் காட்டுறேன்?' என்று கேட்பது பலித்திருக்கிறது. ஆனால் நேர் எதிரே நிற்காதீர்கள், பக்கத்தில் ஒதுங்கி நில்லுங்கள். கண் போகும் இடத்துக்குத்தான் சைக்கிளும் போகும், என் இளையவன் முதல்முறையாகத் தனியாக ஓட்டியபோது அவன் பார்த்துக்கொண்டிருந்தது என்னை, முன்சக்கரம் வந்து நின்றது என் இரண்டு காலுக்கும் நடுவில்.

பேலன்ஸ் பைக் என்று பெடல் இல்லாமலே விற்கிறார்களே, அதை வாங்கட்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். உங்கள் மகளுக்கு வேண்டாம், பெடல் கழற்றிய சைக்கிளே அதே வேலையைச் செய்யும். வீட்டில் இரண்டு வயதில் ஒரு தம்பியோ தங்கையோ இருந்தால் யோசிக்கலாம், 12 இன்ச் சக்கரத்தில் மூன்று நான்கு கிலோவில் கிடைக்கும், அதில் ஓடிய பிள்ளைகள் பலரும் சைடு வீல் கட்டத்தையே பார்க்காமல் நேராகப் பெடலுக்குப் போய்விடுகிறார்கள். ஆறு ஏழு வயதாகியும் வரவில்லை என்றாலும் பதறவேண்டியதில்லை. ஓடுவது, ஒற்றைக் காலில் குதிப்பது, மாடிப்படி ஏறுவது எல்லாவற்றிலுமே தடுமாற்றம் தெரிந்தால் மட்டும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஓட்ட வந்துவிட்டது என்பதற்காகத் தெருவுக்கு விடாதீர்கள். எதிரே வருகிற வண்டியின் வேகத்தைக் கணிக்க இந்த வயதில் வராது, எவ்வளவு நன்றாக ஓட்டினாலும் வராது.

தனியாகக் கிளம்பி, வளைந்து, நிறுத்தி இறங்க வந்த பிறகு சீட்டை ஏற்றத் தொடங்குங்கள். அடியில் இருக்கும் சீட்டில் முழங்கால் நெஞ்சுவரை வரும், மிதிக்க பலம் கிடைக்காது, சீக்கிரம் களைத்துப்போவாள். ஒரேயடியாக ஏற்றாதீர்கள், ஒரு தடவைக்கு ஒரு விரல் அகலம், முன்பாதம் இரண்டும் தரையில் ஊன்றும் உயரம் வந்ததும் நிறுத்திக்கொள்ளுங்கள். அதையும் அவளிடம் சொல்லிவிட்டே செய்யுங்கள். நான் ஒரு ராத்திரி யாருக்கும் தெரியாமல் ஏற்றி வைத்தேன். காலையில் ஏறி உட்கார்ந்த அடுத்த நொடியே இளையவன் கேட்டான், 'யாருப்பா என் சீட்டைத் தொட்டது?'